உற்றார் பந்தியும் நம் மனச்சான்றும்



அண்ணன் ஒரு சமயம், தங்கை ஒரு சமயம் என்று வாழும் குடும்பங்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் புதியனவல்ல. 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, மலேசிய மக்களுள் 9.1 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். சிங்கப்பூரில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள் 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். ஆகவே, நம் அண்டை வீட்டாரும் உடன் பணிபுரிவோரும், ஏன், பெற்றோரும் உடன்பிறந்தாருங்கூட, வேற்றுச் சமயத்தவராய் இருப்பது இங்கு இயல்பே.

இந்த இயல்பான வாழ்க்கையில்தான் நமக்குச் சங்கடமான வினாக்களும் எழுகின்றன. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் பூசையில் படைத்த பலகாரத்தை உண்ணலாமா? சீன நண்பரின் தந்தை இறந்த வீட்டில் உருவப்படத்தின் முன் தலை வணங்கலாமா? இந்துவாக வாழ்ந்து மறைந்த தந்தைக்குக் கிறிஸ்தவரான மூத்த மகன் கொள்ளி வைக்கலாமா? இவற்றுக்கு ஒவ்வொன்றாய் ஆம், இல்லை என்று பட்டியல் போடுவது எளிது. ஆயின், பட்டியலில் இல்லாத வினா நாளையே வந்துவிடும். விடை காணும் முறையை அறிந்துகொள்வதே நமக்கு நீண்ட பயன் தரும். அம்முறையை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கொரிந்து நகரத்தில் எழுந்த ஒரு வழக்கிலிருந்து கற்கலாம்.

கொரிந்து கிரேக்க நாட்டின் வணிக நகரம். இரு புறமும் இரு துறைமுகங்கள் கொண்டது. கி.மு. 146-இல் உரோமர்கள் அதனை அழித்தனர். கி.மு. 44-இல் சூலியசு சீசரின் ஆணையால் அது மீண்டும் குடியேற்றம் பெற்றது. பல நாட்டு மக்களும் பல தெய்வக் கோயில்களும் நிறைந்த அந்நகரின் நிலை, நம் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் அத்துணை அயலானதன்று. அங்குக் கோயிலில் பலியிட்ட இறைச்சியில் ஒரு பகுதி சந்தைக்கும் வரும். கோயில்களை ஒட்டி விருந்துக் கூடங்களும் இருந்தன. நோய் தீர்க்கும் தெய்வமாகிய அசுகிலேப்பியசின் கோயிலில் அத்தகைய உணவறைகளை அகழ்வாய்வாளர் கண்டுள்ளனர். உறவினர் ஒருவர் விருந்துக்கு அழைத்தால், அது கோயிற் கூடத்திலும் நடக்கலாம்; வீட்டிலும் நடக்கலாம்.

அந்நகரின் சபை இதனால் இரண்டுபட்டது. உருவங்களில் தெய்வம் இல்லை, ஆகவே எங்கும் எதையும் உண்ணலாம் என்றனர் ஒரு சாரார். நேற்றுவரை அத்தெய்வங்களை உண்மையாய் வழிபட்டு, அண்மையில் கிறிஸ்துவிடம் வந்தவர்கள் மற்றொரு சாரார். இவர்களுக்கு அந்த இறைச்சி வெறும் இறைச்சியன்று. அதனை உண்பது பழைய வழிபாட்டுக்குத் திரும்புவதாகவே பட்டது. ஏறத்தாழ கி.பி. 55-இல் எபேசு நகரிலிருந்து பவுலடியார் எழுதிய கடிதத்தின் எட்டாம் அதிகாரமும் பத்தாம் அதிகாரமும் இவ்வழக்கைப் பற்றியவை.

பவுலடியார் இடத்துக்கு ஓர் அறிவுரை கூறுகிறார். சந்தையில் விற்கும் இறைச்சியை, எங்கிருந்து வந்தது என்று துருவிக் கேளாமல் வாங்கி உண்ணுங்கள் என்கிறார். வேற்றுச் சமயத்தவர் வீட்டு விருந்துக்குப் போக விரும்பினால் போங்கள், வைத்ததை உண்ணுங்கள் என்கிறார். ஆனால் அப்பந்தியில் ஒருவர், இது படைக்கப்பட்டது என்று சுட்டிக் காட்டினால், அவருடைய மனச்சான்றை முன்னிட்டு உண்ண வேண்டா என்கிறார். கோயில் வழிபாட்டிலேயே பங்குகொள்ளும் விருந்தையோ அறவே விலக்குகிறார். ஆண்டவருடைய பந்தியிலும் அதிலும் ஒருசேரப் பங்கு பெற இயலாது என்பது அவர் தெளிவு.

இந்நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். உணவு ஒன்றேதான், ஆனால் விடை மாறுகிறது. ஏன்? வழிபாடு கடவுளுக்கே உரியது என்பது ஓர் எல்லை. அவ்வெல்லைக்கு உட்பட்ட மற்றவற்றில், இது எனக்கு ஆகுமா என்பதோடு பவுலடியார் நிறுத்துவதில்லை. இது என் அருகில் இருப்பவரை என்ன செய்யும் என்றும் கேட்கிறார். தமக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டே, தம் உணவு ஒரு சகோதரனை இடறச் செய்யுமானால் இறைச்சியையே விட்டுவிடுவதாகக் கூறுகிறார். அறிவு மட்டும் இருந்தால் செருக்கு வளரும், அன்பு இருந்தால் பிறர் வளர்வர் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

இவ்விரண்டாம் கேள்வியை மறந்தபோது என்ன நேர்ந்தது என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. சீனாவில் பணியாற்றி 1610-இல் பெய்சிங்கில் மறைந்த மத்தேயு ரிச்சி, சீனர் தம் முன்னோருக்குச் செய்யும் மரியாதையைக் குடும்பப் பற்றின் அடையாளம் என்று கருதினார். பின்னர் வந்த சிலர் அதனை உருவ வழிபாடு என்றனர். நெடுங்கால வழக்குக்குப் பின், 1742-இல் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட் அச்சடங்குகளை முற்றிலும் தடுத்தார். 1939-இல்தான், இறந்தோர் முன்னும் அவர்தம் உருவங்கள் முன்னும் மரியாதையாகத் தலை வணங்கலாம் என்று உரோமாபுரி இசைந்தது. இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளில், கிறிஸ்தவரான ஒரு சீனர் தம் குடும்பத்தார் கண்களில் பெற்றோரை மதியாதவராய் நிற்க நேர்ந்தது.

தமிழகத்திலோ வேறொரு வகையான பிழை நேர்ந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி, அதாவது தத்துவ போதகர், தமிழும் வடமொழியும் கற்று, துறவி போல் காவியுடுத்தி மரக்கறி உண்டு வாழ்ந்தார். பூணூல், சந்தனம் போன்றவற்றைப் பண்பாட்டு வழக்கங்கள் எனக் கொண்டு புதுக் கிறிஸ்தவர் வைத்துக்கொள்ள இடந்தந்தார். 1623-இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரியும் அதற்கு இசைந்தார். தமிழ்ப் பண்பாட்டை மதித்த அவர் தொண்டு பெரிது. எனினும், வழக்கம் என்ற பெயரில் சாதி வேற்றுமையும் உடன் புகுந்தது. பிற்காலத்தில் பல ஊர்களில் தேவாலயத்தில் தனி இருக்கையும், மரித்த பின் தனிக் கல்லறையும் ஏற்பட்டன. அருகில் நின்ற ஏழைச் சகோதரனை இந்த வழக்கம் என்ன செய்கிறது என்று கேட்டிருந்தால், அது அங்கேயே நின்றிருக்கும்.

ஆக, பண்பாடு அனைத்தையும் தள்ளுவதும் தவறு. அனைத்தையும் அப்படியே கொள்ளுவதும் தவறு. இனி நம் வினாக்களுக்கு வருவோம்.

திறந்த இல்ல உபசரிப்பில் மேசைமேல் வைத்த பலகாரம் நட்பின் அடையாளம். அதனைத் துருவிக் கேளாமல் மகிழ்ந்து உண்பது கொரிந்தியர் காலத்து நெறியே. ஆனால் அண்மையில் சபையில் சேர்ந்த ஒருவர் நம்முடன் வந்து, இது படையல் ஆயிற்றே என்று தயங்கினால், அவரைப் பழிக்காமல் நாமும் வேறொன்றை எடுத்துக்கொள்வது அன்பு.

துக்க வீட்டு வினா கடினமானது. ஊதுவத்தி பிடிப்பது, கொள்ளி வைப்பது ஆகியவற்றில் சபைகளிடையே ஒரே முடிவு இல்லை. தந்தையின் உடலுக்குத் தீ மூட்டுவது மகனின் கடமை என்று அதனைச் செய்வோர் உண்டு. பூசைச் சடங்குகளைத் தம்பியிடமோ பெரியப்பா மகனிடமோ விட்டு, தாம் உடன் நிற்போரும் உண்டு. எந்த முடிவாயினும், அதனை எரியும் இடத்தில் அறிவித்துத் தாயைக் கூனிக் குறுகச் செய்வது அன்பாகாது. முன்னதாகவே பெரியவர்களிடம் தனியே, பணிவுடன் பேச வேண்டும். மேலும், சடங்கில் பங்கு பெறாத மகன் இரவு முழுவதும் விழித்திருப்பதிலும், பாடை சுமப்பதிலும், செலவை ஏற்பதிலும், பிறகு தாயைப் பேணுவதிலும் முதல்வனாய் இருத்தல் வேண்டும். அப்போதுதான் அவன் விலகியது சமயத்தை முன்னிட்டே, பாசக் குறைவால் அன்று என்பது உறவினர்க்கு விளங்கும்.

இம்முறை சமயச் சடங்குகளுக்கு மட்டும் உரியதன்று. திருமண விருந்தில் மது வழங்குவதையும், வாரந்தோறும் நம்பர் எடுப்பதையும் இதே கேள்வியால் அளக்கலாம். நம் காசு, நம் விருப்பம் என்பது உரிமைப் பேச்சு. ஆனால் அந்தப் பந்தியில் குடியை விட்டு ஆறு மாதமான உறவினர் அமர்ந்திருக்கலாம். சிங்கப்பூரில் 2010-இல் சூதாட்டக் கூடங்கள் திறக்கப்பட்டன. அங்குக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 2019 முதல் ஒரு நாளைக்கு 150 வெள்ளி நுழைவுத் தீர்வை செலுத்த வேண்டும். சூதால் துன்புறும் குடும்பத்தார், அவ்வுறுப்பினர் உள்ளே போவதைத் தடுக்குமாறு விண்ணப்பிக்கவும் சட்டம் வழி செய்துள்ளது. சூதாடுபவரின் விருப்பம் அவரோடு நிற்பதில்லை. அது வீட்டு அரிசிப் பானைவரை எட்டுகிறது என்பதை அரசும் உணர்ந்திருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

நேயர்களே, அடுத்த முறை ஓர் அழைப்பிதழ் வரும்போதோ துக்கச் செய்தி வரும்போதோ, நாம் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். கடவுளுக்கே உரியதை வேறெங்கேனும் கொடுக்கிறோமா? நாம் செய்வதாலோ செய்யாமல் விடுவதாலோ அருகில் இருப்பவர் புண்படுவாரா, இடறுவாரா? இவ்விரண்டுக்கும் நேர்மையாய் விடை தேடுபவர், தம் சமயத்தையும் காத்துக்கொள்வார்; தம் சுற்றத்தையும் இழக்கமாட்டார்.