பாரமான காணிக்கை வந்து சேரும் விதம்



நமது மருத்துவமனைக்கு ஓர் இயந்திரத்தைக் கொடுக்க முன்வரும் சபையாருக்கு நாங்கள் எழுதும் முதல் கடிதத்தில் நன்றி இரண்டு வரியும் கேள்விகள் ஒரு பக்கமும் இருக்கும். "மனமுவந்து கொடுக்கிறோம் என்றால், எடை என்ன, உயரம் என்ன என்று கேட்கிறார்களே" என்று சிலர் வருந்தியதாகக் கேள்விப்பட்டோம். அந்தக் கேள்விகளுக்கான காரணத்தை இந்த இதழில் விளக்க விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு பஞ்சாப் மாநிலம் லூதியானாவில் உள்ள நண்பர்கள், தங்கள் ஆலையில் உபயோகித்து வந்த 125 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டரை நமக்குத் தருவதாக எழுதினார்கள். மின்சாரம் நின்றால் அறுவைச் சிகிச்சை அறையும், பிரசவ வார்டும், குறைமாதக் குழந்தைகளுக்கான வார்மர்களும் ஜெனரேட்டரையே நம்பியிருக்கின்றன. நம்மிடமிருந்த பழைய ஜெனரேட்டரால் இவை எல்லாவற்றையும் ஒருங்கே தாங்க முடியவில்லை. ஆகவே அந்தக் கடிதம் எங்களுக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தந்தது. ஆனால் ஜெனரேட்டரின் எடை ஏறக்குறைய 2 டன். தூரமோ சுமார் 3,000 கிலோமீட்டர். லூதியானாவும் நம் திருநெல்வேலிச் சீமையும் ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடும் ஒரே தேசிய நெடுஞ்சாலை 44-இல்தான் இருக்கின்றன. என்றாலும் டெல்லி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை எல்லாவற்றையும் கடந்தல்லவா வர வேண்டும்!

முதலாவது, செலவு. லாரி வாடகை மட்டும் செலவு அல்ல. அங்கே ஏற்ற ஒரு கிரேன், இங்கே இறக்க ஒரு கிரேன், கட்டுமானம், காப்பீடு, கான்கிரீட் மேடை, கேபிள், பழுதுபார்ப்பு ஆகியவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். இந்தக் கூட்டுத்தொகை, இங்கேயே புதிதாக வாங்கும் விலையில் பாதியைத் தாண்டுமானால், "அங்கேயே விற்று, பணமாக அனுப்புங்கள்" என்று பணிவோடு எழுதுவது எங்கள் வழக்கம். இப்படி எழுதுவது கூச்சமான காரியமே. ஆனாலும் ஏழை நோயாளிகளுக்கென்று நீங்கள் அனுப்பும் காணிக்கைதான் லாரி வாடகையாகவும் போகிறது என்பதால் கணக்குப் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது. லூதியானா ஜெனரேட்டருக்கு மூன்று இடங்களில் வாடகை விசாரித்தோம். மொத்தச் செலவு மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கியதால் சம்மதித்தோம்.

இரண்டாவது, எந்த லாரி? முழு லாரியையும் நாமே பிடித்தால், ஏற்றிய சரக்கை நம் வாசலில்தான் இறக்குவார்கள். பிறர் சரக்கோடு பார்ட் லோடாக அனுப்பினால் வாடகை குறையும். ஆனால் வழியில் உள்ள கிடங்குகளில் இறக்கி, வேறு லாரியில் ஏற்றுவார்கள். 2 டன் இயந்திரத்தை ஒவ்வொரு முறை தூக்கும்போதும் ஆபத்து உண்டு. நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரிகள் வடக்கே சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும்போது ரிட்டர்ன் லோடு தேடுவது வழக்கம். அப்படித் திரும்பிய லாரி ஒன்றில் குறைந்த வாடகைக்கு இடம் கிடைத்தது. வழியில் இறக்கக் கூடாது என்பதைப் பேசி, எழுதியும் வாங்கினோம். திறந்த லாரியையே கேட்டோம். நாலாபுறமும் மூடிய கண்டெய்னர் லாரியில் மேலிருந்து கிரேனால் இறக்க இயலாது.

மூன்றாவது, ஏற்றும் முறை. யாத்திராகமம் 25-ஆம் அதிகாரத்தில் உடன்படிக்கைப் பெட்டியைச் செய்யச் சொல்லும்போதே, அதைச் சுமக்க வளையங்களும் தண்டுகளும் கட்டளையிடப்பட்டிருப்பதை அறிவீர்கள். ஜெனரேட்டரிலும் தூக்குவதற்கென்றே கொக்கிகள் உண்டு. அவற்றை விட்டுவிட்டு வேறு பாகத்தில் சங்கிலி போட்டால் மூடி நசுங்கும். எஞ்சின் உள்ள பக்கம் கனம் அதிகமாகையால், அது சாயாதபடி சங்கிலியின் நீளத்தைச் சரிசெய்து தூக்க வேண்டும். டீசலை முழுவதும் வடித்து, பாட்டரியைக் கழற்றித் தனியே கட்ட வேண்டும். அடியில் மரச்சட்டங்கள் வைத்து, நாலு மூலையிலும் பெல்ட்டால் இழுத்துக் கட்டி, மேலே தார்ப்பாய் போட வேண்டும். ஏற்றுமுன் எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுத்து அனுப்பும்படி நண்பர்களைக் கேட்டுக்கொண்டோம்.

நான்காவது, காகிதங்கள். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேற்பட்டு மாநிலம் விட்டு மாநிலம் போனால், 2018 ஏப்ரல் முதல் இ-வே பில் அவசியம். விற்பனை அல்ல, நன்கொடைதான் என்றாலும் விலக்கு இல்லை. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் கணக்கிடுவதால் நமக்கு 15 நாள் அவகாசம் கிடைத்தது. வழியில் லாரி மாறினால் புதிய வண்டி எண்ணைப் பதிய வேண்டும். இதனுடன் நன்கொடைக் கடிதம், டெலிவரி சலான், லாரி ரசீது ஆகியவை வேண்டும். ரசீதில் வாசல் வரை டெலிவரி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கிடங்கு டெலிவரி என்றிருந்தால் சரக்கு நகரத்துக் கிடங்கிலேயே நின்றுவிடும். நாள் கடந்தால் கிடங்கு வாடகையும் ஏறும்.

ஐந்தாவது, காப்பீடு. சேதம் நேர்ந்தால் லாரி நிறுவனம் முழு விலையையும் தந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, கூடுதல் மதிப்பை அறிவித்து அதற்குரிய கூடுதல் கட்டணத்தைச் செலுத்தினாலொழிய, அவர்களுடைய பொறுப்பு ஒரு வரம்புக்குட்பட்டதே. சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்காவிட்டால் வழக்குத் தொடரவும் இயலாது. ஆகையால் தனியே டிரான்சிட் இன்சூரன்ஸ் எடுப்பது நல்லது. அதிலும் குறைந்த கட்டண வகை தீ, இடி, பாலம் இடிதல், வண்டி மோதுதல், கவிழ்தல் போன்றவற்றுக்கு மட்டுமே. கிரேனிலிருந்து நழுவி விழுந்தால் அது உதவாது. பழைய இயந்திரமானால் எந்த அளவுக்கு ஏற்பார்கள் என்றும் முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, வாசலிலிருந்து உள்ளே வரும் ஐம்பது அடி. மூவாயிரம் கிலோமீட்டரைவிட இதுவே கடினம். நாங்கள் அறிந்த வேறொரு மருத்துவமனைக்குப் பெரிய சலவை இயந்திரம் ஒன்று வந்தது. வாசற்கதவோ அதைவிட இரண்டு அங்குலம் குறுகலாக இருந்தது. மழைக்காலம் முழுவதும் இயந்திரம் வெளியே தார்ப்பாய்க்கடியில் கிடந்து, மோட்டார் துருப்பிடித்துப் போயிற்று. கொடுத்தவர்களுக்கும் துக்கம், பெற்றவர்களுக்கும் துக்கம். ஆகவேதான் நீளம், அகலம், உயரத்தை முதலிலேயே கேட்கிறோம். கேட்டின் அகலம், மேலே செல்லும் மின்கம்பியின் உயரம், செப்டிக் டாங்க் மூடி இருக்கும் இடம் எல்லாவற்றையும் அளந்து பார்த்தோம். கான்கிரீட் தன் முழு வலுவைப் பெற 28 நாட்கள் தேவை என்பதால், லாரி புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே மேடையை ஊற்றிவிட்டோம்.

பதினோராம் நாள் காலையில் லாரி வந்து சேர்ந்தது. மூடியில் ஒரு பக்கம் ஒடுங்கியிருந்ததால் லாரி ரசீதில் அதைக் குறித்த பிறகே கையெழுத்திட்டோம். இப்படிக் குறிக்காமல் கையெழுத்திட்டால் பின்பு ஈடு கேட்பது கடினம். ஹைட்ரா கிரேன் இறக்கி மேடையில் வைக்க ஒரு மணி நேரமே ஆயிற்று. மெக்கானிக் எண்ணெயும் வடிகட்டிகளும் மாற்றி, நான்கு நாள் சோதித்த பின்னர் இணைப்புக் கொடுத்தார். அடுத்த வாரமே ஓர் இரவில், அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கையில், மின்சாரம் நின்றது. அறுவைச் சிகிச்சை அறையிலும் வார்டுகளிலும் ஒருசேர விளக்கு எரிந்தது. லூதியானா நண்பர்களுக்கு மறுநாளே எழுதினோம்.

அன்பானவர்களே, கனமான பொருளைக் கொடுக்க உங்கள் சபை தீர்மானித்தால், அனுப்புமுன் எங்களுக்கு எழுதுங்கள். எடை, மூன்று அளவுகள், தயாரித்த ஆண்டு, இப்போது ஓடுகிறதா என்பது, நான்கு புகைப்படங்கள், இவை போதும். எக்ஸ்ரே இயந்திரமானால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இல்லாமல் இயக்க முடியாது என்பதால், அதைப் பற்றி இன்னும் முன்னதாகவே பேச வேண்டும். பொருள் கொடுக்க இயலாத சபைகள் அது வந்து சேரும் செலவில் ஒரு பங்கை ஏற்கலாம். லூதியானா ஜெனரேட்டருக்கான கிரேன் கூலியை ஒரு சிறிய கிராமச் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கொடுத்தார்கள். அந்தக் காணிக்கை இல்லாதிருந்தால் ஜெனரேட்டர் லாரியை விட்டு இறங்கியிராது.


மருத்துவமனை ஆலயப் பணியாளர்கள் சார்பாக, உங்கள் போதகர்.