பையன் கேட்கும் கேமை வாங்கித் தரலாமா?

‘எல்டன் ரிங்’ என்ற வீடியோ கேமின் அட்டையில் அமெரிக்காவில் 17 வயது என்றும் ஐரோப்பாவில் 16 வயது என்றும் போட்டிருப்பார்கள். அதையே பீளமேட்டிலோ பெருந்துறையிலோ ஒரு பையன் கணினியில் இறக்கும்போது இந்தியச் சட்டப்படியான வயதுச் சான்று எதுவும் அதற்கு இல்லை. திரைப்படங்களுக்கு 2023-ல் வந்த சட்டத் திருத்தம் 7, 13, 16 என்று மூன்று வயதுப் படிகளைக் கொண்டுவந்தது. ஓடிடி தொடர்களுக்கு 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் அதே போன்ற படிகளைச் சொல்கின்றன. வீடியோ கேமுக்குத் தணிக்கை வாரியமும் இல்லை, கட்டாய வயதுக் குறியீடும் இல்லை. பிளே ஸ்டோரில் நாம் பார்க்கும் 12+, 16+ எல்லாம், கேமைத் தயாரித்தவர்களே நிரப்பித் தரும் கேள்வித்தாளை வைத்து ஒரு பன்னாட்டு ஏற்பாட்டின்படி வரும் எண்கள்.

ஆகவே “வாங்கித் தரலாமுங்களா?” என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது வீடுதான். கொங்குப் பகுதியில் இந்தக் கேள்வி ஏப்ரல், மே மாதங்களில் அதிகம் எழும். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் மாதக்கணக்கில் போனைத் தொடாமல் படித்த பிள்ளைகள் லீவுக்கு வந்திருப்பார்கள். படித்த பிள்ளை ஒன்றே ஒன்று கேட்கும்போது மறுக்க மனம் வராது. அப்பா பனியன் கம்பெனியிலோ லேத் பட்டறையிலோ இருக்கும் நேரத்தில், அம்மாவின் போனில் உள்ள யுபிஐ மூலம் பையன் பணம் கட்டி கேமை இறக்கி முடித்துவிடுவான். அது என்ன கேம், யார் எதற்காகச் செய்தது, அதில் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

எல்டன் ரிங் 2022 பிப்ரவரி 25 அன்று வந்தது. ஜப்பானின் ஃபிரம் சாஃப்ட்வேர் நிறுவனம் செய்தது. இயக்கியவர் ஹிடேடாகா மியாசாகி. அதன் கற்பனை உலகத்துக்கு முன்கதை எழுதியவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். அந்த ஆண்டின் சிறந்த கேமுக்கான உலக விருதையும் பெற்றது. அழகான கேம் என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். கூடவே, கொடூரமானதும்கூட. பிறருடைய கை கால்களை வெட்டித் தன் உடம்பில் ஒட்டவைத்துக்கொண்ட காட்ரிக் என்ற அரசன், சண்டையின் நடுவே தன் கையையே வெட்டியெறிந்துவிட்டு, செத்த டிராகனின் தலையை அங்கே பொருத்திக்கொண்டு வருவான். ரத்தம் உண்டு, அழுகல் உண்டு. எளிது, நடுத்தரம், கடினம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. எல்லோருக்கும் ஒரே கடினம். ஆடுபவன் சாவான், மறுபடி எழுவான், மறுபடி சாவான்.

ஐரோப்பாவின் பெகி அமைப்பு தரும் எண்ணைப் பற்றிப் பெற்றோர் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அது முக்கியமாக உள்ளடக்கத்தைத்தான் அளக்கிறது. ஆட்டம் எவ்வளவு கடினம் என்பதை அளப்பதே இல்லை. கற்பனை உயிர்கள் மீதான சற்றுக் கூடுதலான வன்முறைக்கு 12, நிஜத்தைப் போலவே தெரியும் வன்முறைக்கு 16, ஆதரவற்றவர்களைக் கொல்லும் கோரத்துக்கு 18 என்பது அதன் கணக்கு. 3 என்று போட்ட கேம் ஐந்து வயதுக் குழந்தையால் ஆடவே முடியாததாக இருக்கலாம். 16 என்று போட்ட கேம், பதினைந்து வயதுப் பிள்ளையின் பொறுமையை வளர்க்கவும் செய்யலாம், உடைக்கவும் செய்யலாம். எண் அதைச் சொல்லாது.

கற்பனைக் கதைக்குள் ரத்தம் வந்தாலே பிள்ளை கெட்டுவிடும் என்ற பயம் நம் ஊர் மரபுக்கே பொருந்தாது. அண்ணன்மார் சாமி கதையைக் கேட்டு வளர்ந்த மண் இது. பொன்னரும் சங்கரும் வேட்டுவரோடு பொருதுவதும், கொம்பன் என்ற காட்டுப்பன்றியைக் கொல்வதும், கடைசியில் படுகளத்தில் விழுவதும், தங்கை அங்கே போய் அழுவதும் உடுக்கடிப் பாட்டாக இரவிரவாக நடக்கும். 1960-களில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கிய மானிடவியலர் பிரெண்டா பெக், ஊர்க்கலைஞர்கள் பாடிய இந்தக் கதையை ஒலிப்பதிவு செய்தார். பிற்காலத்தில் அதை அனிமேஷன் தொடராகவும் கொண்டுவந்தார். அந்த உடுக்கடிப் பாட்டுக் கூட்டத்தில் சின்னப் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். பயந்தால் அமுச்சியின் மடி இருந்தது. “எதுக்குங் அவுங்க சாகோணும்?” என்று கேட்டால் பதில் சொல்ல அப்பாரு இருந்தார். படுகளத்தில் விழுந்து படுத்திருந்தவர்கள் விடிகையில் எழுந்ததையும் அவர்கள் பார்த்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஒரு பிள்ளை தனியாக அந்தப் படுகளத்தில் இருப்பதுதான் இன்றைய மாற்றம்.

ஆய்வுகளும் பயமுறுத்தவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2015-ல் வன்முறை கேம்கள் பற்றிப் போட்ட தீர்மானத்தை 2020-ல் திருத்தியது. கத்துவது, தள்ளிவிடுவது போன்ற சில்லறை முரட்டுத்தனத்தோடு சிறிய தொடர்பு தெரிகிறது; கடுமையான வன்முறைச் செயல்களுக்கு கேமைக் காரணம் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்பது அதன் நிலைப்பாடு. கேம் ஆடினால் கொலைகாரன் ஆவான் என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அவன் நம்பமாட்டான், அடுத்து நீங்கள் சொல்லப்போகும் உண்மையான எச்சரிக்கையையும் நம்பமாட்டான்.

உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது? இத்தகைய கேமில் அது கடினத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. கடினம் கெட்டது என்று சொல்லவில்லை. ஏன் செத்தோம் என்று யோசித்து வேறு வழி தேடும் பிள்ளைக்கு அது நல்ல பயிற்சி. ஆனால் ஒரே எதிரியிடம் முப்பது தடவை தோற்றவன் உதவி தேடி கேமுக்கு வெளியே போவான். எல்டன் ரிங்கின் உள்ளே முன்பின் தெரியாதவர்கள் எழுதிவைக்கும் குறிப்புகளுக்கு, முன்கூட்டியே தரப்பட்ட சொற்களை மட்டுமே கோக்க முடியும். கெட்ட வார்த்தைக்கோ போன் நம்பர் கேட்பதற்கோ அங்கே வழியில்லை. வெளியே டிஸ்கார்டிலும் டெலிகிராமிலும் அந்தக் காவல் இல்லை. “பாஸை நான் முடிச்சுத் தர்றேன், ஐடி பாஸ்வேர்டு குடு” என்பவர் அங்கே இருப்பார். கேமையே முக்கால் விலை குறைத்து, பலரோடு பகிரும் கணக்காக விற்பவர் இருப்பார். ஆட்டத்தை எளிதாக்கும் ‘டிரெய்னர்’, காசில்லாமல் ஆடவைக்கும் ‘கிராக்’ என்ற பெயரில் இறக்கும் கோப்போடு வைரஸும் வரலாம். அப்பாவின் நெட் பேங்கிங்கும் அதே கணினியில்தான் இருக்கும்.

இந்த அளவுகோலில் பார்த்தால், 16 போட்ட எல்டன் ரிங்கைவிட, 12 போட்டு இலவசமாக வரும் துப்பாக்கிச்சூட்டு மொபைல் கேம் சில விதங்களில் ஆபத்து கூடியது. முன்னதில் ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் பெரும்பாலும் முடிந்தது. அதிர்ஷ்டப் பெட்டி விற்பதில்லை, வாய்ஸ் சாட் இல்லை. பின்னதில் தெரியாதவர் குரல் நேரே காதில் விழும். உடை வாங்கு, துப்பாக்கி வாங்கு என்று நாள் முழுக்கத் தூண்டும். தடை செய்யப்பட்ட பப்ஜியை நேரலையில் ஆடியபடி பெண்களை ஆபாசமாகப் பேசிய யூடியூபர் ஒருவர் 2021 ஜூனில் தருமபுரியில் கைது செய்யப்பட்டது நினைவிருக்கலாம். அவரைப் பின்தொடர்ந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். கேமைத் தடை செய்த பிறகும் அதைச் சுற்றிய பேச்சு வீடுகளுக்குள் வந்துகொண்டுதான் இருந்தது.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு தனி விஷயம். அதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. தமிழகச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆன்லைன் விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகள் 18 வயதுக்குட்பட்டோருக்கு அதைத் தடுத்தன. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை யாருக்குமே மூடின. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூன் 3 அன்று அவற்றை ஏற்றுக்கொண்டது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை நடத்துவதையே குற்றமாக்கியது, ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. பையன் இதில் சிக்கியிருந்தால், போலீஸ் பிடிக்கும் என்று அவனை மிரட்ட வேண்டாம். எல்டன் ரிங் போல விலை கொடுத்து வாங்கி, ஜெயிப்பதற்குப் பணம் எதையும் எதிர்பார்க்காமல் ஆடும் கேம்கள் இந்தத் தடைக்குள் வருவதில்லை.

பிள்ளை உங்களைக் கேட்காமல் கேமில் பணம் செலவழித்துவிட்டால் என்ன செய்வது? முதல் வேலை அன்றைக்கே செய்ய வேண்டியது. பிளே ஸ்டோர் என்றால் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பிறகு கடினம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி 18 நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியில்லாதவர். அப்படிப்பட்ட ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று 1903-லேயே மோகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. கடிதத்தில் இதைக் குறிப்பிடுங்கள். கணக்கு பெரியவர் பெயரில் இருக்கிறதே என்று நிறுவனம் வாதாடும். அதனால் பிள்ளை ஆடிய நேரம், வாங்கிய பொருள்கள், போன் யாரிடம் இருந்தது என்பதையெல்லாம் எடுத்து வையுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். பிள்ளைக்கு யுபிஐ பின் தெரிந்திருந்தால் வங்கியிடம் கேட்டு வாங்குவது மிகக் கடினம். பின்னை இன்றைக்கே மாற்றுங்கள்.

கணக்கு விற்பவர், கிராக் கோப்பு என்று வெளியாள் ஏமாற்றியிருந்தால் அது சைபர் குற்றம். 1930 எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணம் கைமாறுவதைத் தடுக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

சாட்டில் யாராவது பாலியல் நோக்கத்தோடு படம் கேட்டால், தனியே பேச அழைத்தால், மிரட்டினால், பிள்ளை பையனாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் அது போக்சோ சட்டத்தின்கீழ் வரும். 1098-க்கு அழையுங்கள். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. போனைப் பிடுங்கி உடைக்கும் அப்பாக்கள் கோபத்தில் ஆதாரத்தையும் உடைக்கிறார்கள். அதைவிட மோசம், அடுத்த முறை பிள்ளை வாய் திறக்காது. கோவை மாவட்டக் காவல்துறை 2022-ல் தொடங்கிய ‘புராஜெக்ட் பள்ளிக்கூடம்’ மூலம் போலீஸார் பள்ளிகளுக்கே போய்ப் பாலியல் சீண்டல் பற்றி மாணவர்களிடம் பேசினார்கள். தயங்காமல் சொல்லலாம் என்ற அந்த நம்பிக்கை முதலில் வீட்டில் கிடைக்க வேண்டும்.

அடுத்தது நேரம். எல்டன் ரிங்கை முழுவதும் தேடி ஆடினால் நூறு மணி நேரத்தைத் தாண்டும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ஆண்டில் அந்த நூறு மணி நேரம் எங்கிருந்து வரும் என்று பிள்ளையையே கணக்குப் போடச் சொல்லுங்கள். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவைக்கும் வசதி இதில் இல்லை. சண்டை நடுவே “சாப்பிட வா சாமி” என்றால் அவன் எரிந்து விழுவான். ஆனால் கேம் தானாகவே சேமித்துக்கொண்டே இருக்கும். ‘கிரேஸ்’ என்ற ஓய்விடத்துக்கு வந்ததும் எழுந்துவிடலாம். “அடுத்த கிரேஸ் வந்ததும் நிறுத்திரு” என்று நீங்கள் சொன்னால் வீட்டுச் சண்டை பாதியாகக் குறையும். இவங்களுக்கும் தெரிஞ்சிருக்கே என்று ஒரு மரியாதையும் வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ‘கேமிங் குறைபாடு’ 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. நிறைய ஆடுவதெல்லாம் அதில் சேராது. நிறுத்த முடியாமல், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கெடுதல் தெரிந்தும் தொடர்ந்து, பொதுவாக ஓராண்டாவது அப்படியே இருந்தால்தான் அந்தப் பெயர். தூக்கம் கெட்டு, பள்ளிக்குப் போக மறுத்து, பணத்தில் பொய் வரத் தொடங்கினால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு நடக்கிறது.

என் முடிவைக் கேட்டால், 13-க்குக் கீழே இந்த வகை கேம் வேண்டவே வேண்டாம். 13 முதல் 15 வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும் அறையில் மட்டும். 16-க்கு மேல், தோல்வியை எப்படித் தாங்குகிறான் என்று பார்த்து அனுமதிக்கலாம். அதைப் பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. கணினியில் ஸ்டீம் கடையில் வாங்கினால், 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கி, நீங்களும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பல கைகள் ஒட்டவைத்த ஓர் உருவம் வந்து பெரும்பாலும் ஆடுபவரைக் கொன்றுவிடும். வெளியே வந்தால் பொன்னிறக் குதிரைவீரன் ஒருவன் மறுபடி கொல்வான். அப்போது பையனின் முகத்தைப் பாருங்கள். சிரித்துக்கொண்டே வேறு வழியில் சுற்றிப் போகிறானா, கண்ட்ரோலரை வீசுகிறானா, அந்த உருவத்தைப் பார்த்து முகம் சுளித்து உங்கள் பக்கம் திரும்புகிறானா என்று கவனியுங்கள். ஒன்றரை மணி நேரம் ஆனதும் நிறுத்தி, “என்ன தோணுச்சு?” என்று கேளுங்கள். சரிப்படவில்லை என்றால் அன்றைக்கே பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிவிடலாம்.