டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டா கோபப்படாதீங்க!

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல நைட் ஷிப்ட். ரெண்டு வாரமா தூக்கம் வரலைன்னு இ.எஸ்.ஐ மருந்தகத்துக்குப் போறீங்க. மாத்திரை எழுதுவார்னு பார்த்தா, 'செத்துடலாம்னு எப்பவாவது தோணுதா?'ன்னு டாக்டர் கேட்கிறார். 'எனக்கென்ன பைத்தியமா?'ன்னு சுருக்குனு வரும்தான்.

பி.பி பார்ப்பது போலத்தான் இதுவும். உலகம் முழுக்கப் புழங்கும் 'பி.ஹெச்.க்யூ-9' கேள்வித்தாள், கடந்த 2 வாரத்தில் தூக்கம், பசி, சோர்வு எப்படி என்று விசாரித்துவிட்டு, 9-வதாகத்தான் இதைக் கேட்கும். கேட்பதாலேயே அந்த எண்ணம் வந்துவிடாது என்கின்றன ஆய்வுகள். 'ஆமா'ன்னு சொன்னா உடனே அட்மிஷனும் கிடையாது. எப்போதிலிருந்து, எவ்வளவு தீவிரம், கூட யார் இருக்காங்கன்னு பேசுவாங்க. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவாங்க.

பலரும் மறைக்கக் காரணமே வேற. கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிடுமோ, போலீஸ் கேஸ் ஆகுமோங்கிற பயம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 23-வது பிரிவு, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களே விதிவிலக்கு, ஹெச்.ஆர் கேட்டார் என்பது அதில் சேராது. 115-வது பிரிவோ, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. தண்டிக்க அல்ல.

டாக்டர் கேட்கலையா? நீங்களே சொல்லலாம். லீவு கிடைக்கலைன்னா 14416, டெலி மானஸ். 24 மணி நேரமும் இலவசம். இந்தி, ஒடியாவிலும் பேசலாம். ரூம்மேட்டுக்கும் நம்பரைக் கொடுங்க. சென்னை 'சினேகா' 1986-லிருந்து இயங்குகிறது: 044-24640050.