விற்பனைக்கு நிற்கும் வீட்டின் வண்ணம்

மாணவ நண்பர்களே, வீடு கட்டுவதைப் பற்றிப் பேசுவோர் பலர். வாழ்ந்த வீட்டை விற்பதைப் பற்றிப் பேச எவரும் விரும்புவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் தந்தையார் உறையூரில் விட்டுச் சென்ற வீட்டை விற்க வேண்டிய நிலை எனக்கும் என் தம்பிக்கும் ஏற்பட்டது. தம்பி மகளின் கல்லூரிப் படிப்புக்குப் பணம் தேவையாக இருந்தது. வீடு பார்க்க வந்தவர்கள் திண்ணையைத் தடவிப் பார்த்தார்கள், தூண்களைப் புகழ்ந்தார்கள், கூடத்துக்குள் நுழைந்ததும், "இருட்டாக இருக்கிறதே!" என்று சொல்லித் திரும்பிப் போனார்கள்.

எனக்கு அது வியப்பாக இருந்தது. கூடத்தை அடுத்து முற்றம் இருக்கிறது; முற்றத்தின் வழியே வானம் தெரிகிறது. அவ்வளவு வெளிச்சமும் எங்கே போயிற்று? விடை சுவரில் இருந்தது. தந்தையாருக்குப் பச்சை நிறத்தின்மீது பிரியம் அதிகம். கூடத்தின் நான்கு சுவர்களுக்கும் அவர் கரும்பச்சை டிஸ்டம்பர் பூசியிருந்தார்.

ஓர் அறையில் ஒளி ஒரே ஒரு முறை சுவரில் பட்டு நம் கண்ணுக்கு வந்துவிடுவதில்லை. அது பந்தைப்போல் ஒரு சுவரிலிருந்து மற்றொரு சுவருக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் 100 பங்கு ஒளியில் ஏறக்குறைய 80 பங்கைத் திருப்பி அனுப்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை தாவும்போது 64 பங்கும், மூன்றாம் முறை 51 பங்கும் எஞ்சும். கரும்பச்சைச் சுவரோ 30 பங்கையே திருப்புகிறது என்று கொண்டால், இரண்டாம் தாவலில் 9 பங்கும், மூன்றாவதில் 3 பங்குக்கும் குறைவாகவும் மிஞ்சும். சாளரத்தைப் பெரிதாக்காமலே அறையை ஒளிமயமாக்குவது எப்படி என்பதற்கு இந்தச் சிறு பெருக்கல் கணக்கே விடை. கடையில் காட்டும் சிறிய மாதிரி அட்டையில் இளமையாகத் தெரிந்த வண்ணம், நான்கு சுவர்களிலும் பூசிய பிறகு அழுத்தமாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். ஒவ்வொரு தாவலிலும் அந்த நிறம் தன்னைத்தானே ஊட்டி வளர்த்துக்கொள்கிறது.

மற்றொரு காரணமும் இருந்தது. எங்கள் கூடத்துத் தரை சிவப்புச் சிமெண்டுத் தரை. பாரிஸ் நகரில் கோபெலின் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுச்சாலை உண்டு. 1824-ஆம் ஆண்டு அதன் சாயப் பகுதிக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் செவ்ரல் என்ற இரசாயன அறிஞர். கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்ற புகார் அவரிடம் வந்தது. சாயத்தைச் சோதித்தார், குற்றம் அதில் இல்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவுமே அதை மங்கச் செய்தன என்று கண்டார். பக்கத்தில் இருக்கும் நிறம் ஒரு நிறத்தின் தோற்றத்தை மாற்றுகிறது என்ற உண்மையை 1839-இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். சிவப்பும் பச்சையும் எதிரெதிர் நிறங்கள். அடுத்தடுத்து இருந்தால் ஒன்றை மற்றொன்று மிகுவித்துக் காட்டும். எங்கள் கூடத்தில் நிகழ்ந்தது அதுதான். சிவப்புத் தரை பச்சையை மேலும் பச்சையாக்கிற்று. பச்சைச் சுவர் தரையை மேலும் சிவப்பாக்கிற்று. அறைக்குள் வந்தவர் கண்ணுக்கு ஓய்வே கிடைக்கவில்லை.

ஆகவே பச்சையைச் சுரண்டி எடுத்துவிட்டு வெள்ளை அடிப்பது என்று முடிவு செய்தோம். வெறும் சுண்ணாம்பு வெள்ளையில் சற்றே மஞ்சள் சாயல் தட்டும். அதனால் நம் ஊர்க் கொத்தனார்கள் சுண்ணாம்பு நீரில் சிறிது நீலம் கலக்கிறார்கள். நீலம் சேர்த்தால் சுவர் கூடுதலாக ஒளியைத் திருப்பும் என்று எண்ணிவிடாதீர்கள். உண்மையில் சற்றுக் குறைவாகவே திருப்புகிறது. மஞ்சள் சாயலை அது விழுங்கிவிடுவதால், மீந்த ஒளியில் எல்லா நிறங்களும் சமநிலை பெறுகின்றன. கண் அந்தச் சமநிலையைத்தான் தூய வெண்மை என்று ஏற்றுக்கொள்கிறது. இந்த நீலம் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்து இராஜவர்த்தக் கல்லை அரைத்துப் பெறப்பட்டது; ஓவியர்கள் பொன்னுக்கு நிகராக மதித்தனர். அதைச் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்டதற்காக 1828-இல் கீமே என்ற பிரெஞ்சுக்காரர் பரிசு பெற்றார். அதன் பின்னரே அது ஏழை வீட்டுச் சுவருக்கும் சலவைத் தொட்டிக்கும் வந்து சேர்ந்தது.

சுண்ணாம்பு அடித்த அன்று சுவர் மங்கலாக இருப்பதையும், காயக் காய வெளுப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஈரமாக இருக்கையில் துகள்களின் இடைவெளிகளைத் தண்ணீர் நிரப்பிக்கொள்கிறது. ஒளி அதிகம் சிதறாமல் உள்ளே போய்விடுகிறது. தண்ணீர் போய்க் காற்று புகுந்ததும் ஒளி நன்கு சிதறுகிறது, சுவர் வெளுக்கிறது. அத்துடன் நீற்றுச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, சிறுகச் சிறுக மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே இறுகிவிடுகிறது.

கூடம் வெளுத்தது. ஆனால் மேற்குச் சுவரின் அடிப்பகுதியில் முழங்கால் உயரத்துக்கு ஓரிடம் மட்டும் வெளுக்கவே இல்லை. ஒரு வாரம் சென்று பார்த்தபோது அங்கே வெள்ளைப் பொடி பூத்திருந்தது. நிலத்து ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறி வந்து, தான் கொண்டுவந்த உப்பைச் சுவரின் முகத்தில் விட்டுவிட்டு ஆவியாகிப் போகிறது. இதைத்தான் உவர் பூத்தல் என்கிறோம்.

"இதற்கென்ன ஐயா, நல்ல எண்ணெய் வர்ணமாக இரண்டு கை அடித்து மூடிவிடலாம். ஆறு மாதத்துக்கு ஒன்றும் தெரியாது" என்றார் கொத்தனார்.

"அண்ணா, அடித்துவிடச் சொல்லுங்கள். பத்திரம் முடிய இரண்டு மாதம் போதுமே" என்றான் தம்பி.

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் நான் இசையவில்லை. ஈரச் சுவரின்மேல் பூசிய எண்ணெய் வர்ணம் ஈரம் வெளியேறும் வழியை அடைக்கிறது. ஈரம் சுவருக்குள் இன்னும் மேலே ஏறும். வர்ணம் கொப்புளித்து உரியும். அப்போது அந்த வீட்டில் நாங்கள் இருக்கமாட்டோம். எங்களை நம்பி வாங்கிய ஒரு குடும்பம் இருக்கும். சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, சாதாரணக் கவனத்தால் வாங்குபவர் கண்டுகொள்ள முடியாத முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை அவர் எடுத்துச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதை அச்சட்டம் மோசடியாகவே கருதுகிறது. வண்ணம் வேறு, முகமூடி வேறு.

கதவுகளில் வேறொரு எச்சரிக்கை தேவைப்பட்டது. பழைய எண்ணெய் வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். வீட்டு வர்ணத்தில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆதலால் பழைய கதவைக் காய்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. நனைத்துத் தேய்க்க வேண்டும். குழந்தைகளை அருகில் விடலாகாது.

கடைசியாகச் சமையலறை எஞ்சியது. விறகுப் புகை படிந்த சுவரைத் தேய்த்தபோது, அம்மா கரித்துண்டால் போட்டு வைத்த பால்கணக்குக் கோடுகள் ஒரு மூலையில் தெரிந்தன. நார்மட்டையைக் கையில் பிடித்தபடி நெடுநேரம் நின்றேன். கரும்பச்சை அப்பாவின் விருப்பம். கரிக்கோடு அம்மாவின் கணக்கு. இரண்டும் எங்களுக்கு உரியவை. வரப்போகிறவருக்கு உரியவை அல்ல. அவருக்கு வேண்டியது தம் வாழ்க்கையை எழுதிக்கொள்ள ஒரு வெற்றுச் சுவர். கோடுகளின்மேல் நானே சுண்ணாம்பு அடித்தேன்.

பிறகு வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். கூடத்தில் நின்று, "நல்ல வெளிச்சம்" என்றார். மேற்குச் சுவரை நானே காட்டினேன். கொத்தனாரை வைத்துச் செலவைக் கணக்கிட்டு, அவ்வளவு தொகையை விலையில் குறைத்துக்கொண்டார். தம்பிக்கு அன்று முகம் வாடியது. அந்தக் குறையை நான் கடன் வாங்கி நிரப்பினேன்.

மாணவ நண்பர்களே, வண்ணம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களுக்கு வரும்போது மாதிரி அட்டையை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு அடிச் சதுரமாக இரண்டு சுவர்களில் பூசி, காலையிலும் நண்பகலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். தரையின் நிறத்தையும் சேர்த்துப் பாருங்கள். பூசுவதற்கு முன், ஈரம் இருக்கிறதா என்று சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள்; கவனிக்க வசதி இல்லையென்றால், வாங்க வருபவரிடம் சொல்லிவிடுங்கள்.