கிழிந்த டிராக்டர் டயர்: ஒட்டுவதா, மாற்றுவதா?

டிராக்டர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு டயர் ஒரு பெரிய செலவு. வாடகை உழவு மும்முரமாக நடக்கும்போது பருத்திக் கட்டையோ துவரைக் கட்டையோ குத்தி டயர் கிழிந்தால், பெரும்பாலும் கையில் பணம் இருக்காது. ஒட்டினால் போதும் என்ற நிலையிலும் கடன் வாங்கிப் புது டயர் போடுவோர் உண்டு. 'இந்தப் பட்டம் ஓடட்டும்' என்று, கழிக்க வேண்டிய டயரிலேயே பாரம் ஏற்றிச் சாலையில் செல்வோரும் உண்டு. முதலாமவருக்குப் பண நட்டம். இரண்டாமவருக்கு உயிர் ஆபத்து. சேதத்தைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

டயரின் வலு எங்கே இருக்கிறது?

பாரத்தைத் தாங்குவது டயருக்குள் அடைபட்ட காற்று. அந்தக் காற்றின் அழுத்தத்தைத் தாங்குபவை ரப்பருக்குள் இருக்கும் நூல் அடுக்குகள். மேலே தெரியும் ரப்பர் அந்த அடுக்குகளுக்குக் கவசம் மட்டுமே. ரிம்மில் பொருந்தும் விளிம்பில் எஃகுக் கம்பி வளையம் இருக்கிறது. ஆகவே, வெட்டு எவ்வளவு நீளம் என்பதைவிட, நூல் அடுக்கு அறுந்திருக்கிறதா என்பதே முக்கியம். டயரைக் கழற்றி, உள்பக்கத்தையும் வெளிச்சத்தில் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

ஒட்டி ஓட்டக்கூடியவை

1. தரையில் படும் பகுதியில் ஆணி, முள் குத்திய சிறு துளை.
2. நூல் அடுக்கை எட்டாத மேலோட்டமான கீறல். மண்ணைச் சுத்தம் செய்து ரப்பர் வைத்து அடைக்க வேண்டும். விட்டுவிட்டால் ஈரமும் மண்ணும் புகுந்து அடுக்குகளைப் பிரித்துவிடும்.
3. பக்கச் சுவரில் வெயிலால் வரும் மெல்லிய மேல்வெடிப்புகள்.
4. பின் சக்கர டயரில் அடுக்கு வரை சென்ற சிறு வெட்டு. இதை நல்ல பட்டறையில் சூடேற்றி ஒட்டும் முறையில் (வல்கனைசிங்) சரி செய்யலாம்.

உடனே கழிக்க வேண்டியவை

1. பக்கச் சுவரில் புடைப்பு. உள்ளே நூல் அறுந்துவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம்.
2. விளிம்பின் கம்பி வெளியே தெரிவது அல்லது வளைந்திருப்பது.
3. நூல் தெரியும் அளவு ஆழமான வெடிப்புகள்.
4. காற்று இறங்கிய நிலையில் பாரத்துடன் நெடுந்தூரம் ஓடி, உட்சுவர் நைந்து பொடி உதிரும் டயர்.

எந்தச் சக்கரம் என்பதும் முக்கியம்

பின் டயர் வயலில் பழுதானால் பெரும்பாலும் வேலைதான் நிற்கும். சாலையில் முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கைக்கு அடங்காது. பாரம் ஏற்றிய டிரெய்லரில் டயர் வெடித்தால் வண்டியே கவிழலாம். எனவே முன் டயரிலும் டிரெய்லர் டயரிலும் நூல் அறுந்திருந்தால், உள்ளே பழைய டயர்த் துண்டை வைத்து ஓட்டும் வழக்கம் கூடாது. டியூப் அந்த வெட்டின் வழியே பிதுங்கி வெடிக்கும்.

ஒரு சிறு கணக்கு

ஒட்டக்கூடிய சேதமாக இருந்தால் மட்டுமே கணக்குப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, புது டயர் ரூ.24,000 என்றும் 3,000 மணி நேரம் உழைக்கும் என்றும் கொள்வோம். மணிக்கு ரூ.8 ஆகிறது. பழைய டயரை ஒட்ட ரூ.3,000 ஆகி, அது இன்னும் 1,000 மணி ஓடுமானால் மணிக்கு ரூ.3தான், ஒட்டுவது இலாபம். பட்டன் தேய்ந்து 200 மணிதான் ஓடும் என்றால் மணிக்கு ரூ.15, மாற்றுவதே இலாபம். பட்டன் தேய்ந்த டயர் வழுக்குவதால் டீசலும் கூடுதலாகச் செலவாகும். அந்த நட்டத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

அளவு மாறக் கூடாது. 13.6-28 என்றால் டயரின் அகலம் 13.6 அங்குலம், ரிம்மின் விட்டம் 28 அங்குலம். ஒரே அச்சின் இரு டயர்களும் ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருப்பது நல்லது. பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதிக் குறி இருந்தால் பார்த்து வாங்க வேண்டும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. புது டயருக்குள் பழைய டியூபைப் போடக் கூடாது.

பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் முதலில் அதை வடித்துவிட வேண்டும். காற்று அடிக்கும்போது டயரின் பக்கச் சுவருக்கு எதிரே நிற்கக் கூடாது. டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெல்டிங் வைக்கவே கூடாது. உள்ளே சூடேறி டயர் வெடித்து உயிரிழப்பு நேரும்.

செலவைத் தள்ளிப்போட

வாரம் ஒரு முறை டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பார்க்க வேண்டும். வயலுக்கும் சாலைக்கும் உரிய அளவைத் தயாரிப்பாளரின் அட்டவணைப்படி வைக்க வேண்டும். டிரெய்லரில் அளவுக்கு மேல் பாரம் ஏற்றக் கூடாது. டயரில் படிந்த டீசலையும் எண்ணெயையும் உடனே துடைத்து, வண்டியை நிழலில் நிறுத்த வேண்டும். பட்டம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே எல்லா டயர்களையும் சோதித்துக்கொண்டால், அறுவடை நேரத்தில் அவசரக் கடனுக்கு அலைய வேண்டியிராது.