அந்தமானுக்கு மாற்றல்... நீங்களும் கூடப் போகலாமா?

கணவருக்கு அந்தமான் மாற்றல் உத்தரவு வந்துவிட்டதா? வீட்டில் ஆளுக்கொரு பேச்சு கிளம்பியிருக்குமே! "புருஷன் இருக்கிற இடம்தானே வீடு, பேசாம கிளம்பு" என்பார் மாமியார். "கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு கடலுக்கு நடுவுல எப்படிம்மா?" என்று கண் கலங்குவார் அம்மா. கணவரோ, "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு டிரங்குப் பெட்டியைத் தேடப் போய்விடுவார். முடிவு உங்கள் தலையில்!

என்னிடம் வைத்தியத்துக்கு வரும் ராணுவ, கடற்படைக் குடும்பப் பெண்கள், "டாக்டர், அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்குமா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் குடித்தால் போதும். யோசிக்க வேண்டிய விஷயங்கள் வேறு.

எந்தத் தீவு?

'அந்தமான்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். முப்படைகளுக்கும் பொதுவான கட்டளையகம் 2001-ல் அங்கே அமைந்தது. அதன் தலைமையிடம் போர்ட் பிளேர். 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டேகால் மணி நேரம். கப்பல் என்றால் ஏறக்குறைய மூன்று நாள். கேந்திரிய வித்யாலயா, ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனை, தன்வந்தரி கடற்படை மருத்துவமனை எல்லாம் உண்டு. தமிழ்க் குடும்பங்களும் வெற்றிமலை முருகன் கோவிலும் இருக்கும்போது மொழிக் கவலை வேண்டாம்.

போஸ்டிங் கிரேட் நிக்கோபார் தீவிலுள்ள கேம்ப்பெல் பேக்கு என்றால் கதையே வேறு. அது இன்னும் தெற்கே 500 கிலோமீட்டருக்கு மேல். பெரும்பாலும் கப்பலும் ஹெலிகாப்டரும்தான் துணை. வானிலை கெட்டால் அவையும் நின்றுவிடும். ஆகவே கணவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "ராத்திரி அவசரம்னா, ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்கிட்ட போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும்?"

யார் கொஞ்சம் பொறுக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கான பதிலை வைத்து வீட்டில் ஒவ்வொருவரையும் எண்ணிப் பாருங்கள். நிறைமாத கர்ப்பிணி, முந்தைய பிரசவத்தில் சிக்கல் இருந்தவர், வலிப்பு வரும் குழந்தை, அடங்காத ஆஸ்துமாக்காரர், இதய நோயாளி... இவர்களை எட்டாத தீவுக்கு அழைத்துப் போவது துணிச்சல் அல்ல. தலைநகரத் தீவு என்றால்கூட, இங்கே பார்க்கும் டாக்டரிடம் கலந்து பேசிவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் தடையில்லை. இரண்டு மாதத்துக்கான மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

உடம்பு என்ன சொல்லும்?

கடல் சார்ந்த நெய்தல் நிலத்தில் வாதம் மிகும் என்பது சித்த மருத்துவக் கருத்து. மூட்டுவலிக்காரர்கள் ஈரத் துணியோடு இருக்காதீர்கள். மிளகு, சுக்கு, பூண்டு சமையலில் தாராளமாக இருக்கட்டும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரு பருவத்திலும் அங்கே மழை. இடுக்குகளில் படர்தாமரை வரும். குளித்ததும் நன்றாகத் துடைத்துப் பருத்தித் துணி உடுத்துங்கள். சூரணங்களைக் கிலோ கணக்கில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஈரக் காற்றில் பூசணம் பூத்துவிடும்.

முக்கியமான எச்சரிக்கை: காய்ச்சல் வந்தால் நிலவேம்புக் குடிநீரை மட்டும் நம்பி வீட்டில் இருக்காதீர்கள். இதைச் சித்த வைத்தியனாகிய நானே சொல்கிறேன். நிக்கோபாரில் மலேரியா உண்டு; அந்தமானில் எலிக்காய்ச்சலும் உண்டு. அன்றைக்கே எம்.ஐ. ரூமுக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். கொசுவலை அவசியம்.

மனசு?

சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும் ஊர் அது. கணவர் கப்பலில் போனால் நாட்கணக்கில் தனிமை. பேச்சுத்துணை இல்லாமல் பழக்கமில்லாதவர்கள் தூக்கம் கெட்டு, பசி கெட்டு வாடிப்போவார்கள். 2020-ல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்டபிறகு அம்மா முகத்தை வீடியோவில் பார்க்க முடிகிறது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கவும் வழி உண்டு. ஆனாலும் உங்களுக்கென்று ஒரு வேலை, தையலோ ட்யூஷனோ, முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

"சுனாமி வந்த இடமாச்சே?" என்பீர்கள். 2004-ல் நிக்கோபார் பட்ட பாடு பெரிது. 2007-லிருந்து ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. அங்கே போன முதல் வாரமே மேட்டு நிலத்துக்குப் போகும் வழியைக் குழந்தைகளோடு நடந்து பாருங்கள். தரை பலமாக ஆடினால் சைரனுக்குக் காத்திராமல் மேடேறுங்கள்.

நடுவழி ஒன்று உண்டு

போவதா, வேண்டாமா என்று உடனே முடிவு கட்ட அவசியமில்லை. முதலில் அவர் போகட்டும். குவார்ட்டர்ஸ் கிடைக்குமா, ஸ்கூல் எவ்வளவு தூரம், எம்.ஐ. ரூமில் டாக்டர் எந்நேரமும் இருக்கிறாரா என்று பார்த்து எழுதட்டும். பிரசவமோ பரீட்சையோ முடிந்ததும் நீங்கள் போகலாம். வயதான மாமனாரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடவும் அந்த அவகாசம் உதவும்.

ஆரோக்கியமான சிறு குடும்பம், ஸ்ரீ விஜயபுரத்தில் போஸ்டிங் என்றால் தயங்காமல் கிளம்புங்கள். அப்பா முகம் பார்த்து வளர்வது பிள்ளைகளுக்கு நல்லது. நிலைமை அப்படி இல்லையென்றால், "இப்போ இல்லீங்க, ஆறு மாசம் கழிச்சு வர்றேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அன்பு குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்!