கத்திரிக்காய்க்குக் காம்பு, ஸ்பேனருக்கு வாய்!



இந்தப் பக்கத்தில் வடாம், ஊறுகாய், கோலம் என்று எத்தனையோ குறிப்புகள் படிச்சிருப்பீங்க. நான் எழுதப் போவது ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் பற்றி! சிரிக்காதீங்க, பட்ட பிறகுதான் எழுதுகிறேன்.

என் கணவருக்கு வெளியூரில் வேலை. மாசத்துக்கு ஒருமுறைதான் வருவார். வீட்டில் நான், மாமியார், பிளஸ் டூ படிக்கும் மகள். ஒரு கோடையில் சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. பிளம்பருக்குப் போன் செய்தால் "நாளைக்கு வர்றேங்க்கா" என்பார். அந்த நாளை நாலு நாளாகியும் வரவில்லை. தண்ணீருக்குத் திண்டாடும் சமயத்தில் ராத்திரி பூரா சொட்டுச் சத்தம் கேட்டால் தூக்கம் வருமா?

நாமே வாஷர் மாற்றிவிடலாம் என்று, பொருட்காட்சியில் 250 ரூபாய்க்கு வாங்கிய 24 சாமான் டூல் பெட்டியைத் திறந்தேன். வால்வை மூடிவிட்டு, அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை மாட்டித் திருகினேன். நட்டு அசையவில்லை, ஸ்பேனரின் வாய்தான் விரிந்தது! சட்டென்று வழுக்கி, கை சுவரில் மோதி, விரல் முட்டியெல்லாம் தோல் உரிஞ்சு போச்சு. பித்தளை நட்டின் மூலைகளும் மழுங்கி உருண்டையாகிவிட்டன. ஒருவழியாக வந்த பிளம்பர், "இனி இதைக் கழற்ற முடியாதுங்க்கா" என்று குழாயையே மாற்றினார். ஒரு வாஷரோடு போக வேண்டியது, கூலியோடு 800 ரூபாய்!

என் அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். கைக்கட்டைப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, கத்திரிக்கா வாங்குறப்ப காம்பப் பாத்து வாங்குற. இதை மட்டும் கண்ண மூடிட்டு வாங்கிட்டயே!" என்றார். மறுநாளே ஹார்டுவேர் கடைக்குக் கூட்டிப் போனார். அங்கே கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

கட்டிங் பிளேயர்: மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெட்டும் பகுதியில் வெளிச்சம் கசிந்தால் வேண்டாம். நடு ஆணி ஆடக் கூடாது. ஆனால் திறந்து மூட லேசாக இருக்கணும். கடைக்காரரிடம் ஒரு துண்டு செம்புக் கம்பி கேட்டு வெட்டிப் பாருங்கள். நசுங்காமல் நறுக்கென்று வெட்டுப்பட வேண்டும். வீட்டுக்கு 8 அங்குலம் போதும்.

அட்ஜஸ்டபிள் ஸ்பேனர்: வாயைப் பாதி திறந்து, அசையும் தாடையை ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் நட்டைக் கெடுக்கும். வேலை செய்யும்போது இடைவெளி இல்லாமல் இறுக்கிப் பிடித்து, பலம் அசையாத தாடை மேல் விழும்படி திருப்புங்கள். நான் தலைகீழாகத் திருப்பியதும் ஒரு தப்புதானாம்!

ஸ்க்ரூ டிரைவர்: தட்டை ஒன்று, ஸ்டார் ஒன்று போதும். முனை ஸ்க்ரூவின் பள்ளத்தில் சரியாக உட்காரணும். முனை தேய்ந்தும் வளைந்தும் போவது மட்டமான இரும்பில்தான். 'குரோம் வனேடியம்' என்று பொறித்திருந்தால் உறுதியான எஃகு. ஆனால் பொறிப்பை மட்டும் நம்பாமல், பெயர் தெரிந்த கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். பளபளப்பு வெறும் முலாம், அதில் மயங்காதீங்க!

இதெல்லாம் விலை அதிகமாச்சே என்கிறீர்களா? மொத்தமாக வாங்காதீர்கள். நான் பாத்திரச் சீட்டு கட்டுவது போல, மாசம் ஒன்றாக வாங்கினேன். முதலில் ஸ்க்ரூ டிரைவர், அடுத்து பிளேயர், அப்புறம் ஸ்பேனர். பிடிக்கிற, திருகுகிற, வெட்டுகிற சாமானில் காசைக் குறைக்காதீர்கள். அளவு டேப், சின்னச் சுத்தியல் சாதாரணமானதே போதும். சுத்தியலின் தலை பிடியில் ஆடாமல் இருந்தால் சரி. பஞ்சாபின் ஜலந்தர், லூதியானாவிலும், நாசிக்கிலும் செய்கிற நம் நாட்டுக் கருவிகளிலேயே நல்ல தரம் கிடைக்கிறது. அப்பாவின் பழைய பிளேயர் இன்னமும் கம்பியை வெட்டுகிறதே!

வேலை முடிந்ததும் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வைத்தால் துருப்பிடிக்காது.

ஒரு எச்சரிக்கை. கரண்ட் வேலை என்றால் முதலில் மெயினை அணையுங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள். பிளேயரின் பிளாஸ்டிக் உறையையும் நம்பாதீர்கள். கேஸ் சிலிண்டரில் ஸ்பேனரே படக் கூடாது. கசிவு தெரிந்தால் சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

போன மாசம் குளியலறைக் குழாய் சொட்டியது. இந்த முறை கால் மணி நேரத்தில் நானே வாஷர் மாற்றிவிட்டேன். "இதெல்லாம் பொம்பளை வேலையா?" என்று முன்பு முணுமுணுத்த மாமியார், டார்ச் பிடித்தபடி, "எதிர்வீட்டுக் குழாயும் ஒழுகுதாம், பாத்துக் குடுத்துட்டு வா" என்கிறார்!

மகளுக்கு என்று எவர்சில்வர் பாத்திரம் சேர்த்து வருகிறேன். அதோடு இப்போது ஒரு சின்ன டூல் பையும் சேர்ந்திருக்கிறது. மேலே படிக்கப் போனாலும், கல்யாணமாகிப் போனாலும், ஒரு சொட்டுக் குழாய்க்காக அவள் நாலு நாள் யாருக்கும் காத்திருக்க வேண்டாம், பாருங்கள்!

— ஒரு வாசகி, கோவை.